டீச்சர் வீட்டுக் கேமரா

அட்டைப்பெட்டியின் மேல் ‘வயர்லெஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே விழுந்தது வயர். வயரின் முனையில் அடாப்டர், அடாப்டருக்கு ஒரு பிளக் பாயிண்ட், பிளக் பாயிண்டுக்குத் தார்சா சுவரில் ஒரு துளை, துளை போட ஒரு எலக்ட்ரீசியன். படத்தை அனுப்பத்தான் கம்பி வேண்டாமாம்; கரண்டுக்கு வேண்டும். பேட்டரியில் ஓடுகிற ரகமும் இருக்கிறது. அதை அவ்வப்போது ஏணி போட்டு இறக்கி சார்ஜ் ஏற்ற வேண்டும். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சரான நான், முட்டுவலிக்காரரான எங்க வீட்டுக்காரர், எண்பது தாண்டிய மாமியார் மட்டும் இருக்கிற வீட்டில் ஏணியில் ஏறத் திருடனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

பெட்டியை அனுப்பியவன் பெங்களூரில் இருக்கும் மகன். நான்கு கேமரா. நாங்கள் கேட்கவில்லை. கேட்காமல் வருகிற பொருளை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் சங்கரன்கோவிலில் கிடையாது.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேமரா ஆசை பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. 2019 ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்குச் சில நாள் முன்னால், கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில் முகமூடி போட்ட இரண்டு பேர் ராத்திரியில் ஒரு வீட்டுக்குள் புகுந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தில் பின்னால் இருந்து துண்டைப் போட்டு இறுக்கினான் ஒருவன். சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் மனைவி, கையில் அகப்பட்ட செருப்பை வீசினார். அப்புறம் இருவருமாகச் சேர்ந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி எறிந்தார்கள். எதிரே நிற்பவன் கையில் அரிவாள். அப்படியும் திருடர்கள்தான் ஓடினார்கள். அம்மாவின் சங்கிலி போய்விட்டது, கையில் வெட்டு. ஆனால் அவ்வளவும் வீட்டுக் கேமராவில் பதிவாகி உலகம் முழுக்கச் சுற்றியது. அந்த ஆகஸ்டு 15 அன்று முதலமைச்சர் கையால் இருவருக்கும் வீர விருது.

அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேமரா வாங்கினார்கள். எங்க வீட்டுக்காரர் மட்டும் வேறு முடிவுக்கு வந்தார். “கேமராவா காப்பாத்துச்சு? நாற்காலியில்லா காப்பாத்துச்சு! நல்ல கனமா நாலு சேர் வாங்கிப் போடு, போதும்.” நாற்பது வருடத்தில் அவர் சொன்னதில் எனக்கு மறுப்பே சொல்ல முடியாத ஒரே வாக்கியம் இதுதான். ஆனாலும் பெட்டி வந்துவிட்டதே.

வீட்டுக்குக் கேமரா வைக்கும் யோசனையே ஒரு பெண்ணுடையது என்று அவரிடம் சொன்னேன். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஒரு நர்ஸ். நேரங்கெட்ட நேரத்தில் வேலை, தனியாக வீட்டில் இருக்க வேண்டும், போலீஸைக் கூப்பிட்டால் சாவகாசமாக வருவார்கள். கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளை போட்டு, ஒவ்வொன்றாகப் பார்க்க மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் திரை, படுத்தபடியே கதவைத் திறக்க ஒரு பொத்தான் என்று கணவரோடு சேர்ந்து வடிவமைத்து, 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969இல் கிடைத்தது. “கணவரோடு சேர்ந்து” என்ற இடத்தில் மட்டும் இவர் தலையாட்டினார்.

துளை போட வந்த எலக்ட்ரீசியன் என் பழைய மாணவன். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு நான் பின்னம் சொல்லிக்கொடுத்தேன்; அது அவனிடம் போய்ச் சேரவில்லை. இப்போது அவன் எனக்கு அலைவரிசை சொல்லிக்கொடுத்தான். “டீச்சர், உங்க ரௌட்டர் ரெண்டு வழியில பேசும். 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ். அஞ்சு வேகம், ஆனா சுவரைத் தாண்டாது. ரெண்டே கால்—”

“ரெண்டு புள்ளி நாலு. ரெண்டே கால் இல்லலே.”

“அதான் டீச்சர். அது மெதுவு, ஆனா தூரம் போகும். விலை கம்மியான கேமராவுக்கெல்லாம் அது மட்டும்தான் தெரியும்.” ரௌட்டர் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருந்ததால் போன் ஐந்தில் போய் உட்கார்ந்துகொண்டது, கேமரா 2.4இல் தேடிக்கொண்டு நின்றது. 2.4க்குத் தனிப் பெயர் வைத்துப் போனையும் அதற்கு இழுத்து வந்த பிறகே இரண்டும் சந்தித்தன. தெரு முழுக்க எல்லார் வீட்டு ரௌட்டரும் ஒரே அலைவரிசையில் கத்திக்கொண்டிருக்கும் என்பதால் 1, 6, 11 என்று ஒன்றையொன்று இடிக்காத மூன்று சேனலில் காலியாக இருக்கும் ஒன்றைப் பார்த்து வைக்க வேண்டுமாம். அவன் 11 வைத்தான். பின்னத்தில் தோற்றவன் இதை எங்கே படித்தான் என்று கேட்கவில்லை. கேட்டால் என் பாடம் நடத்தும் முறையைப் பற்றிய பதில் வந்துவிடும்.

அதன் பிறகு போன் திரையில் வரும் கட்டம் போட்ட படத்தைக் கேமரா முன்னால் காட்ட வேண்டும். காட்டினேன். கேமரா திடீரென்று ஒரு பெண் குரலில், ஆங்கிலத்தில், கொஞ்சம் பொறுத்திருக்கச் சொன்னது. பட்டாசலில் படுத்திருந்த மாமியார் தலையைத் தூக்கி, “யாருட்டீ அது வாசல்ல நிக்கது? உள்ள வரச் சொல்லு” என்றார்.

முதல் கேமரா வேலை செய்தது. தார்சாவில் மாட்டியதும் செத்துப்போனது. பழைய வீடு, முழ அகலச் சுவர், சுண்ணாம்புக் காரை. போதாக்குறைக்கு ரௌட்டர் இருந்த இடம் இரும்பு பீரோவின் பக்கவாட்டு. உலோகம் சிக்னலைத் திருப்பி அடித்துவிடும். உயரமாக, வீட்டுக்கு நடுவாக, குறுக்கே இரும்பு இல்லாத ஓர் இடம் வேண்டும் என்று மாணவன் வீடெல்லாம் சுற்றிவிட்டு வந்து நின்ற இடம் சாமி அலமாரி. மாமியார் ஒரு பொழுது முழுக்கச் சம்மதிக்கவில்லை. மகனிடம் போனில் முறையிட்டோம். “ஆச்சி, அதுல லைட் எரியும்” என்றான் அவன். அணையாமல் எரியும் என்று தெரிந்ததும் சரி என்றுவிட்டார். அன்றிலிருந்து சங்கரநாராயணர் படத்துக்கும் கோமதியம்மன் படத்துக்கும் நடுவில் ரௌட்டர் இருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. வீட்டில் எல்லா மூலைக்கும் சிக்னல் கிடைக்கிறது. காரணம் உயரம் என்று நான் சொல்கிறேன். மாமியார் சிரித்துக்கொள்கிறார்.

கடவுச்சொல்லில் நான் கறாராக இருந்தேன். கேமரா கம்பெனிக்காரர்கள் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே சாவி போட்டு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பெயர் ‘அட்மின்’, சாவி ‘1234’, இந்த அழகில். வாங்குகிறவர்கள் மாற்றுவதில்லை. 2016இல் மிராய் என்றொரு நச்சு நிரல் கிளம்பி, இப்படிப்பட்ட அறுபது சொச்சம் ஜோடிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள கேமராக்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டியது. லட்சக்கணக்கில் திறந்தன. எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களுக்குள் நடந்த தொழில் போட்டியில் தொடங்கியது. நிரலை அவர்கள் பொதுவில் போட்டுவிட, யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். அந்த அக்டோபர் 21 அன்று இந்தக் கேமராப் படை, இணையத்தில் பெயருக்கு முகவரி பார்த்துச் சொல்லும் டைன் என்ற நிறுவனத்தை ஒரே நேரத்தில் முட்டியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. எழுதிய மூவரும் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கேமராக்களை யாரும் விசாரிக்கவில்லை. குழந்தை தூங்குகிறதா, கடைக் கல்லாவில் யார் கை வைக்கிறார்கள் என்று காவல் காக்க வாங்கிய கருவிகள், எஜமானர் தூங்கும்போது போய்க் கொள்ளைக்கு உடந்தையாக இருந்துவிட்டுத் திரும்பி, காலையில் ஒன்றும் தெரியாத மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இவ்வளவையும் கேட்டுவிட்டு எங்க வீட்டுக்காரர், “அப்போ 12345678ன்னு வையி, எட்டு எழுத்து இருக்குல்லா” என்றார். எட்டுக்குக் குறையக் கூடாது என்பது மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் மாமியாருக்குக் கோபம் வந்தால் சொல்லும் ஒரு முழு வாக்கியத்தை இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் அடித்தேன். வெளியாள் யூகிக்க முடியாது. வீட்டில் யாருக்கும் மறக்காது. அதோடு, அன்னியர் வந்தால் தார்சாவில் உட்காரவைத்துப் பேசி அனுப்புகிறோமே, அடுப்படி வரை விடுவதில்லையே, அந்த முறையில் கேமராக்களை ‘கெஸ்ட்’ வலைப்பின்னலில் தனியாக வைத்தோம். போன், கம்ப்யூட்டர் இருக்கும் பக்கம் அவற்றுக்குப் பாதை கிடையாது.

காவல் தொடங்கியது. முதல் ராத்திரியே போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜையிலிருந்து விழுந்தது. ‘அசாதாரணச் சத்தம்.’ ‘அசாதாரணச் சத்தம்.’ எழுந்து பார்த்தால் தறிச் சத்தம். எங்கள் ஊரில் விசைத்தறி இரவும் பகலும் ஓடும். அந்தச் சத்தத்தில் பிறந்து, படித்து, தாலி கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். கூலி உயர்வுக்காகத் தறிக்காரர்கள் வேலையை நிறுத்தும் நாட்களில்தான் ஊருக்குத் தூக்கம் வராது. அதைக் கேமராவுக்கு எப்படிச் சொல்வது? சத்தம் பார்க்கும் வசதியை அணைத்தேன்.

அடுத்து முதலை. பின்கட்டுக் கேமராவில் ராத்திரி இரண்டு மணிக்குத் திரையை அடைத்துக்கொண்டு ஒரு முதலை. இருட்டில் படம் எடுக்கக் கேமரா அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அதை மோப்பம் பிடித்தோ, பெட்டியின் சூட்டுக்கு வந்தோ, பூச்சிகள் கூடுகின்றன; பூச்சிக்குப் பல்லி வருகிறது; கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. மாமியாரிடம் காட்டினோம். அவர் பஞ்சாங்கத்தை எடுக்கச் சொன்னார். தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் எல்லாவற்றுக்கும் பலன் போட்டிருக்கிறது. கேமராவில் விழுந்தால் போடவில்லை.

மனிதர்களைக் கண்டால் மட்டும் சொல் என்று மாற்றினோம். ஆடித்தபசு வந்தது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்களுக்குள் சண்டை வர, இருவரும் ஒருவரே என்று காட்ட வேண்டி அம்மன் ஒற்றைக்காலில் தவம் இருந்து, பாதி சிவன் பாதி திருமாலாகக் காட்சி பெற்ற கதை எங்கள் ஊர்க் கதை. ஒரே திரையில் இரண்டு காட்சியைப் பாதிப் பாதியாகக் காட்டுவது எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. தபசுக் காட்சிக்குச் சுற்றுவட்டாரமே வந்து இறங்கும். பருத்தி, வத்தல், பயறு என்று விளைந்ததைச் சூறை விடுவார்கள். எங்கள் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. கேமரா ஒவ்வொரு தலைக்கும் ஒரு செய்தி அனுப்பியது. சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகன் பதறிக் கூப்பிட்டான். “அம்மா, வாசல்ல ஏன் இவ்வளவு கூட்டம்? ஆச்சிக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஆடித்தபசுலே!” என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆச்சி போனைப் பிடுங்கி, மேலே சொன்ன அந்தக் கடவுச்சொல்லை முழுசாக அவனுக்குச் சொன்னார்.

திருடன் விஷயத்துக்கு வருவோம். மின்வாரியம் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும். எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று முதல் நாளே பேப்பரில் வரும். பேப்பர் படிக்கும் பழக்கமுள்ள திருடனுக்கு இதைவிடத் தெளிவான அழைப்பு வேண்டியதில்லை. ஆகவே ரௌட்டருக்கும் கேமராவுக்கும் இன்வெர்ட்டரிலிருந்து லைன். இதுவரை திருடன் யாரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் தெருக்காரர்கள்.

“டீச்சர், என் வாளியை யாரு எடுத்தான்னு பாத்துச் சொல்லுங்க.” “டீச்சர், குப்பையை எங்க வாசல்ல தள்ளுனது யாரு?” எதிர்வீட்டு மதினிக்கு முதலில் கோபம்: “என் வாசக்கோலம் உங்க போன்ல எதுக்கு?” நியாயம்தானே. அவர்கள் வாசல் தெரியும் பகுதியை மட்டும் திரையில் கறுப்படிக்க ஒரு வசதி இருந்தது, செய்தோம். மறுவாரம் அவர்களே வந்து, கறுப்பை எடுத்துவிடும்படியும் மாடு கோலத்தை மிதிக்கும் நேரம் தெரிய வேண்டும் என்றும் கேட்டார்கள்.

மெமரி கார்டு 64 ஜிபி. நொடிக்கு 1 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு 10 ஜிபிக்குச் சற்று மேலே. ஆறு நாள் நிறைவதற்குள் கார்டு நிரம்பி, பழையதன் மேலேயே புதியது பதியும். எங்கள் தெருவில் வாய்க்கால் தகராறு மூன்று தலைமுறையாக நினைவில் இருக்கிறது. ஆறாம் நாள் மறந்துபோகிற ஒரு சாட்சி வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

இந்தக் கணக்கில் என்னைவிட அக்கறை காட்டியவர் எதிர்வீட்டு அண்ணாச்சி. டாக்டர் அவருக்குக் கறியை அறவே நிறுத்தச் சொல்லி வருஷக்கணக்காகிறது. எங்கள் ஊர் பிரியாணியின் பேரைக் கேட்டு வெளியூர்க்காரன் கார் போட்டு வருகிறான்; உள்ளூர்க்காரன் மட்டும் கோதுமைக் கஞ்சி குடிக்க வேண்டும் என்றால் எப்படி? ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டு முடுக்கில், எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கிறார். நிதானமாகச் சாப்பிடுகிறார். எங்கள் குழாயிலேயே கை கழுவுகிறார். நான்காவது கேமரா அந்த முடுக்கைப் பார்த்துத்தான் இருக்கிறது என்பதை அவர் ஒருநாள் தலை நிமிர்ந்தபோது கண்டார். மறுநாள் காலை வந்து நின்றார்.

“டீச்சர், சும்மா கேக்கேன். அதுல விழுந்தது எத்தன நாள் இருக்கும்?”

“ஆறு நாள்கூட இருக்காது அண்ணாச்சி.”

விரல் மடக்கி எண்ணிக்கொண்டு போனார். அவர் விரதம் இருந்ததாக நான் பார்த்தது அந்த ஒரு வாரம்தான்.

அவர் விரதத்தின் நடுவில்தான் மதினி வந்தார்கள். பூனையைக் காணவில்லை. “நேத்து முந்தின நாளு ராத்திரி பத்து, பத்தரைக்கு முடுக்குப் பக்கம் போச்சு. உங்க கேமராவுல கொஞ்சம் பாருங்க டீச்சர்.”

பத்து, பத்தரை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்த வாய் வறண்டுபோனது. “நெட் இல்ல மதினி. வந்ததும் பாத்துச் சொல்லுதேன்” என்றேன். சாமி அலமாரியில் பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மதினி அதை ஒரு பார்வை பார்த்தார்கள். என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். படி இறங்கித் திரும்பி நின்று, “சரி டீச்சர். பூனை எங்கயும் போயிராது, மிச்ச எலும்புக்கு அதுவா வந்துரும். நெட் வந்தா, அவுக தண்ணி குடிக்காம விக்கி விக்கித் தின்னுதாகளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நாளையிலருந்து ஒரு செம்பு கொண்டாந்து உங்க படியில வச்சிருதேன்” என்றார்கள்.