ரேமுக்குள் ஒரு பரண்

கேள்வி: 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் டெபியன் போட்டிருக்கிறேன். பிரௌசரில் பத்து டேப் திறந்தால் சிலையாகிவிடுகிறது. புது ரேம் வாங்காமல் விமோசனம் உண்டா?
– வாசகர், அசோக் நகர், சென்னை-83

பதில்: உண்டு. பெயர் இசட்ரேம். வீட்டில் இடம் போதாமல் சாமானைக் கூடுவாஞ்சேரி கிடங்குக்கு அனுப்புவது, ரேம் நிரம்பும்போது தரவை டிஸ்க்கில் வைக்கும் ஸ்வாப். வீட்டிலேயே மடித்துப் பரணில் செருகுவது, தரவைச் சுருக்கி ரேமிலேயே வைக்கும் இசட்ரேம். எடுக்கப் பஸ் ஏற வேண்டாம்!

தொடங்கி வைத்தவர் நிதின் குப்தா. காம்ப்கேச் என்ற பெயரில் பிறந்து, 2014-ல் லினக்ஸ் கெர்னல் 3.14-ல் முழு அந்தஸ்து பெற்றது. ஃபெடோரா 2020-ல் 33-ஆம் பதிப்பிலிருந்து இதையே வழக்கமாக்கியது. பல ஆண்ட்ராய்டு போன்களும் இதை வைத்துத்தான் காலம் தள்ளுகின்றன.

சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரில் 'இசட்ரேம்-டூல்ஸ்' பேக்கேஜை நிறுவுங்கள். அதன் அமைப்புக் கோப்பில் அளவை 50 சதவீதம் என்றும், சுருக்கும் முறையை இசட்-எஸ்டிடி என்றும் மாற்றி, சேவையை மறுபடி தொடங்குங்கள். 'இசட்ரேம்சிடிஎல்' (zramctl) கட்டளை, எவ்வளவு தரவு எவ்வளவாகச் சுருங்கியது என்று கணக்குக் காட்டும். பெரும்பாலும் பாதிக்கும் கீழே வரும். ஏற்கெனவே சுருங்கிய வீடியோ, படங்களிடம் மட்டும் பாச்சா பலிக்காது.

சும்மா கிடைப்பதில்லை, சுருக்கி விரிக்கும் கூலியை பிராசசர் தருகிறது. கரன்ட் போனால் ரேமோடு இதுவும் போகும் என்பதால் ஹைபர்னேட் செய்ய டிஸ்க் ஸ்வாப் கட்டாயம் தேவை. அதை அழித்துவிடாதீர்கள். பத்து டேப் தாங்கும். ஐம்பது திறந்துவிட்டு எனக்கு மறுபடி எழுதாதீர்கள்!