கடற்கரை காலி மனையல்ல

தாடிக்கொம்பிலிருந்து ஒரு தம்பதி, ஒரே உறைக்குள் இரண்டு தாள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று மனைவி எழுதியது, மற்றது கணவர் எழுதியது. கார் ஒன்று, பயணம் ஒன்று, கருத்து மட்டும் இரண்டு. இந்த வாரப் பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி (மனைவி): ஐயா, பொங்கல் கழிந்ததும் நானும் எங்கள் வீட்டுக்காரரும் காரில் கிளம்புகிறோம். திருச்சி, தஞ்சாவூர் வழியாகக் கோடியக்கரை. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து முத்துப்பேட்டை, மனோரா, தொண்டி, தனுஷ்கோடி. நாலு நாள் திட்டம். இரவெல்லாம் கடற்கரையில் கூடாரம். மான், பூநாரை, ஆமை, ஆவுளியா என்ற கடற்பசு எல்லாம் பார்த்துவிட வேண்டும். கூடாரம் போட எந்தக் கடற்கரை நல்லது?

பதில்: வழியும் அருமை, மாதமும் அருமை. ஐப்பசி கார்த்திகையில் கிளம்பியிருந்தால் தடுத்திருப்பேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது இதே நாகப்பட்டினம் - வேதாரண்யம் பகுதியில்தான். கோடியக்கரைக் காட்டில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. தை பிறந்தால் மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, வலசை வந்த பறவைகளும் ஊர் திரும்பியிருக்காது. எல்லாம் பொருத்தம். கூடாரம் போட நல்ல கடற்கரை எது என்பதற்கு மட்டும் என் பதில்: எதுவும் இல்லை. கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள்.

நம் சமவெளிப் பக்கம் கல் நட்டிருந்தால் மனை, நடாவிட்டால் புறம்போக்கு. அந்தக் கண்ணோடு பார்த்தால் மணல்வெளி காலி மனையாகத்தான் தெரியும். அங்கே கல் கிடையாது, ஆனால் உரிமையாளர்கள் உண்டு. தை முதல் பங்குனி வரை அந்த மணலின் இரவு உரிமையாளர் பங்குனி ஆமை. நள்ளிரவை ஒட்டிக் கரையேறி, பின்துடுப்புகளால் குடம் போலக் குழி பறித்து, சுமார் நூறு முட்டை இட்டு, மூடி, மேலே உடம்பால் தட்டிச் சமன்செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விடும். கரையேறும்போது வெளிச்சமோ நடமாட்டமோ கண்ணில் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடவும் கூடும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சுகள் வெளிவரும், அதுவும் இரவில். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடுவது அவற்றின் பிறவிக் குணம். இருண்ட கரையில் அது கடலாக இருக்கும். உங்கள் விளக்கு எரிந்தால் அது உங்கள் கூடாரமாக இருக்கும். ஆமையைப் பார்க்கக் கூடாரம் போடுகிறீர்கள். ஆமையோ உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். நட்டம் இரண்டு தரப்புக்கும்தான்.

சட்டமும் ஆமையின் பக்கமே நிற்கிறது. கோடியக்கரை 1967 முதல் வன உயிரினச் சரணாலயம், 2002 முதல் ராம்சார் ஈரநிலமும் கூட. பகலில் அனுமதி வாங்கிக்கொண்டு நுழையலாம், நினைத்த இடத்தில் இராத் தங்க முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே நினைத்தபடி கால் வைக்கவே வழியில்லை. தனுஷ்கோடியில் மாலையானால் காவல்துறை எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும். 1964 டிசம்பரில் ஒரே இரவில் ஊரையும் ரயிலையும் கடல் கொண்டுபோன இடம் அது. அந்தக் கண்டிப்பைக் கெடுபிடி என்று சொல்ல மனம் வரவில்லை.

கேள்வி (கணவர்): எனக்குக் குளியலறை உள்ள ஒரு அறை போதும். இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே? மீனவர்கள் மணலில்தானே படுத்துத் தூங்குகிறார்கள்? நாங்கள் இரண்டே பேர், ஒரே விளக்கு. அதில் என்ன குடி முழுகிவிடும்?

பதில்: மனைவியின் கட்சிக்காக வாதாடும் கணவரைப் பார்ப்பது பூநாரையைப் பார்ப்பதைவிட அபூர்வம், வாழ்த்துகள். மீனவர் மணலில் படுப்பது பொழுதுபோக்குக்கு அல்ல. படகும் எஞ்சினும் வலையும் கரையில் கிடக்கின்றன, காவல் வேண்டும். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து விடியுமுன் கிளம்ப வேண்டும். அதற்கு விளக்கு வேண்டாம், பாட்டுப் பெட்டி வேண்டாம், கோழி வாட்டக் கரி அடுப்பும் வேண்டாம். நீங்கள் கூடாரம் அடிக்கும் சமதளமான இடம், பெரும்பாலும் அவர்கள் காலையில் படகை இழுத்து ஏற்றும் தடமாகவே இருக்கும்.

ஒரே விளக்குத்தானே என்கிறீர்கள். ஆயிரம் விளக்குள்ள ஊரில் ஒன்று கூடினால் யாருக்கும் தெரியாது. இருட்டுக் கரையில் அந்த ஒன்றுதான் எல்லாம். சென்னைக் கடற்கரையில் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் ஆமைக் காலத்தில் இரவெல்லாம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பதற்கு நகர வெளிச்சமும் ஒரு முக்கியக் காரணம். அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள் என்பதும் தெரியும். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அது இழுவலைப் படகுகளால் வந்த வினை என்றுதானே சொன்னார்கள், அதற்கு முன்னால் எங்கள் விளக்கு எம்மாத்திரம்? வாதம் சரி, முடிவு தவறு. இழுவலையில் ஆமை தப்பிக்க வழிவிடும் சாதனத்தைப் பொருத்தச் செய்வது அரசின் வேலை, அதைக் கேட்டு வாங்குவது நம் எல்லோர் வேலையும். ஆனால் இன்றிரவே உங்களால் இழுவலையை நிறுத்த முடியாது, விளக்கை அணைக்க முடியும். அத்தனை வலைக்கும் தப்பி வந்து கரையேறும் ஆமைக்கு, கடைசி முப்பது அடியில் இடைஞ்சலாக நிற்பது நாமாக இருக்க வேண்டாம்.

கேள்வி (மனைவி): வெளிநாட்டில் எல்லாம் ஜோடி ஜோடியாகக் காரில் போய், நினைத்த இடத்தில் கூடாரம் போடுகிறார்கள். இங்கே மட்டும் எதற்கெடுத்தாலும் தடையா?

பதில்: படத்தில் காட்டுவது கூடாரத்தை மட்டும்தான். அதற்குப் பின்னால் உள்ள முன்பதிவு, கட்டணம், ஒதுக்கப்பட்ட இடம், அபராதம் எதையும் காட்டுவதில்லை. அமெரிக்காவின் புளோரிடா கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஆமைக் காலத்தில் கடலைப் பார்த்த விளக்குகளுக்கே உள்ளூர்ச் சட்டப்படி கட்டுப்பாடு உண்டு. அவ்வளவு தூரம் ஏன், ஒடிசாவுக்கு வாருங்கள். ஆமைகள் லட்சக்கணக்கில் கரையேறும் காலத்தில், பக்கத்துத் தீவில் நடக்கும் ஏவுகணைச் சோதனைகளையே சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கிறார்கள். நாட்டின் ஏவுகணையே ஆமைக்காகக் காத்திருக்கிறது. உங்கள் கூடாரம் காத்திருந்தால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனாலும் உங்கள் ஆதங்கத்தில் ஒரு பாதி நியாயமானது. எங்கே கூடாது என்று சொல்லும் பலகை ஆயிரம் இருக்கிறது, எங்கே கூடும் என்று சொல்லும் பலகை மிகக் குறைவு. கரையிலிருந்து தள்ளி, மரங்களுக்கு உள்பக்கம், கழிப்பறையோடு, கடல் பக்கம் வெளிச்சம் போகாதபடி நாலைந்து முகாம் இடங்களை ஒதுக்கிக் கட்டணம் வாங்கினால், கூட்டம் தானாக ஒழுங்குக்கு வரும். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். வருகிறவருக்குக் காடு பார்க்கக் கிடைக்கிறது, ஊருக்கு வருமானம், காட்டுக்குக் காவல். வழி காட்டினால் ஜனங்கள் அதில் போவார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

கேள்வி (கணவர்): சரி, ஒத்துக்கொள்கிறோம். நாலு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்?

பதில்: மூன்று. எட்டு என்று எழுதி வைத்திருப்பீர்கள், ஐந்தை அடித்துவிடுங்கள். மிருகம் கிலோமீட்டருக்கு வராது, நேரத்துக்கு வரும். விடிந்த முதல் ஒரு மணி நேரம், பொழுது சாயும் முன் கடைசி ஒரு மணி நேரம்: நாளில் அந்த இரண்டுதான் சம்பளம், மற்றதெல்லாம் காத்திருப்பு. நாலு நாளில் உங்களுக்கு ஏழெட்டு முறைதான் அந்த வாய்ப்பு. எட்டு ஊரைத் துரத்தினால் அதில் பாதி நேரம் சுங்கச்சாவடியிலும் டீக்கடையிலும் கழியும். 1930 ஏப்ரல் 13 அன்று உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியின் தொண்டர்படை, வேதாரண்யம் போய்ச் சேர 15 நாள் நடந்தது. இடம் கொடுத்தாலும் சோறு போட்டாலும் தண்டனை என்று சர்க்கார் மிரட்ட, ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டிவைத்தார்கள். உங்களை நடக்கச் சொல்லவில்லை. அந்தச் சாலையில் காரில் போகிறவர் காலையில் கிளம்பி மதியத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைக்க வேண்டாம் என்கிறேன்.

ஆகவே முதல் இரண்டு இரவு வேதாரண்யத்தில் அறை எடுங்கள். கணவருக்குக் குளியலறை கிடைத்தது, வழக்கு தீர்ந்தது. விடியலில் கோடியக்கரைப் புல்வெளி. ஆண் வெளிமான் முதுகு கருத்து, வயிறு வெளுத்து, முறுக்குக் கொம்போடு நிற்கும். பெட்டை மணல் நிறம். காரை மெதுவாக நிறுத்தி, இறங்காமல், கதவைத் திறக்காமல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி மேயத் தொடங்கிவிடும். இறங்கினால் பார்க்கக் கிடைப்பது பின்புறம் மட்டுமே. மாலையில் உப்பங்கழிப் பக்கம் பூநாரை. பைனாகுலரில் ஒன்றையே பத்து நிமிடம் பாருங்கள். நின்ற இடத்தில் கால் மாற்றி மாற்றிச் சேற்றை மிதித்துக் கலக்கும், பிறகு அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, உறிஞ்சி, வடிகட்டி, உள்ளே இருக்கும் சிற்றுயிர்களை மட்டும் தின்னும். ஆயிரம் பூநாரையைக் கைபேசியில் படம் எடுத்தவருக்கு இது தெரியாது. மூன்றாம் நாள் தொண்டி வழியாகக் காரங்காடு, இரவு ராமநாதபுரம். நாலாம் நாள் காலை தனுஷ்கோடி போய்விட்டு மதுரை வழியாக வீடு. தனுஷ்கோடியிலும் பூநாரைகளுக்காக 2025 ஜூனில் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். வரும்போது பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். அதற்கும் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் பொருந்தும்.

கேள்வி (மனைவி): ஆவுளியாவை விட்டுவிட்டீர்களே?

பதில்: விடவில்லை. உங்கள் வழியில் மனோரா வருகிறதல்லவா? அந்தக் கடலையும் சேர்த்துத்தான் 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். கடலடியில் கடற்புல் மேயும் பிராணி அது. மூச்சுவிடச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை மட்டும் மேலே நீட்டிவிட்டு உள்ளே போய்விடும். படகு வைத்துத் துரத்தினால் அதுவும் கிடையாது, புல்லும் சேதமாகும். வலையில் மாட்டியதை அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்துப் பாராட்டியிருக்கிறது. அவர்களில் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள், அதுதான் நல்ல தரிசனம். மனோரா கோபுரம் இரண்டாம் சரபோஜி மன்னர், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகக் கட்டியது. நெப்போலியன் அந்தப் பக்கம் தலைகாட்டியதே இல்லை, கோபுரம் மட்டும் நிற்கிறது. ஆவுளியா உங்கள் கண்ணில் படாவிட்டாலும் அங்கேதான் இருக்கிறது. இரண்டில் எது உண்மையான பெருமை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி (இருவரும்): கூடாரம் வாங்கியாகிவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். என்ன செய்ய?

பதில்: உங்கள் மொட்டைமாடியிலோ, சொந்தக்காரர் தோட்டத்திலோ அடியுங்கள். ஒரு சங்கதியும் சொல்கிறேன். நாட்டின் முதல் தேவாங்குச் சரணாலயம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2022 அக்டோபரில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்குச் சரணாலயத்தை அறிவித்தபோது, அதில் வேடசந்தூர், நத்தம் பக்கத்துக் காடுகளும் சேர்ந்தன. குடகனாற்றங்கரையில் இருந்துகொண்டு வன உயிரைத் தேடி முந்நூறு கிலோமீட்டர் போகிறவர்கள், முதலில் அய்யலூர்ப் பக்கம் வனத்துறையிடம் கேட்டு, ஊர்க்காரர் துணையோடு ஒரு மாலை போய்வரலாம். விதி அங்கேயும் அதேதான். டார்ச்சின் மேல் சிவப்புக் காகிதம், வாயில் பூட்டு, கிளையை உலுக்காத கை. வெள்ளை வெளிச்சத்தை முகத்தில் அடித்தால், இரவில் பூச்சி தேடிப் பிழைக்கும் அந்தச் சின்னப் பிராணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிளைக்குள் ஒடுங்கிவிடும்.

என் தீர்ப்பு இதுதான்: வன உயிரைப் பார்க்க வேண்டுமென்றால் இரவை அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும், பகலில் ஓர் இடத்தில் உட்காரப் பழக வேண்டும். கூடாரத்துக்குக் கொடுத்த காசைக் கணக்கில் எழுதிவிடுங்கள். பைனாகுலர் ஒன்று மட்டும் வாங்குங்கள், ஒன்றே போதும். இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்தால் சண்டையும் குறையும்.