இன்னும் ஒன்ராறியோதான், சித்தப்பா

ஸ்காபரோ,
ஆவணி மாதம்.

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சின்னம்மாவுக்கும்,

கோடை லீவுக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போனாய் என்று கேட்டிருந்தீர்கள். றோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிரிக்காதீர்கள், இந்த நாட்டில் அப்படி ஒரு பொழுதுபோக்கு உண்டு. காரில் போகவேண்டும் என்று முதலில் முடிவெடுத்துவிட்டு, எங்கே என்பதைப் பிறகு ஆறுதலாக யோசிப்பார்கள். காலமெல்லாம் இ.போ.ச. பஸ் ஓட்டிய உங்களுக்கு, சம்பளம் வாங்காமல், சொந்தக் காசில் பெற்றோல் அடித்து ஒருவன் நாள்கணக்கில் ஸ்டியரிங் பிடிப்பான் என்றால் நம்ப முடியாதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு நானூறு கிலோமீற்றர் விடிய விடிய ஓடின கதையை நீங்கள் சொல்ல, நாங்கள் வாயைப் பிளந்து கேட்போமே, அதை இனிக் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டிவரும். ரொறன்ரோவில் வெளிக்கிட்டு மேற்கே போனால், எங்கள் மாகாணத்தின் எல்லையைத் தாண்டவே ஏறக்குறைய 1,900 கிலோமீற்றர். காலையில் ஓடத் தொடங்கினோம், ஒன்ராறியோ. இரவு மோட்டலில் படுத்து எழும்பி ஓடினோம், ஒன்ராறியோ. மத்தியானம் றோட்டோர மேசையில் புட்டுப் பார்சலைப் பிரித்தோம், அதுவும் ஒன்ராறியோ. எங்களோடு வந்த மாமி பின்சீற்றிலிருந்து, "தம்பி, சுத்திச் சுத்தி ஒரே இடத்திலயோ நிக்கிறம்?" என்றா. நான் மைல்கல்லைக் காட்டலாம் என்று பார்த்தால் அதற்கும் பல கிலோமீற்றர் இருந்தது.

ஆனால் அந்த ஒன்ராறியோவுக்குள்தான் சுப்பீரியர் ஏரியும் இருக்கிறது. சூ செயின்ற் மரி என்ற ஊரைத் தாண்டி வடக்கே திரும்பியதும் றோட்டு அதன் கரையைப் பிடித்துக்கொள்கிறது. ஏரியின் பரப்பு 82,000 சதுர கிலோமீற்றர். எங்கள் இலங்கை 65,610. பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை அப்படியே தூக்கி உள்ளே இறக்கினாலும், சுற்றிவர வள்ளம் விட இடம் மிஞ்சும். அக்கரை தெரியாது. அலை அடிக்கும். செந்நிறக் கருங்கல் மலையைப் பிளந்து றோட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒரு வளைவில் வானம் மட்டும் தெரியும், அடுத்த வளைவில் முழுவதும் தண்ணீர். 1920களில் 'குரூப் ஒஃப் செவன்' என்ற ஓவியர்கள் இந்தக் கரையைத் தேடி ரயிலில் வந்து வரைந்திருக்கிறார்கள். அப்போது இங்கே இந்த றோட்டே இல்லை.

இதையெல்லாம் நான் விளக்கிச் சொல்லியும் மாமி ஏரி என்று நம்பவில்லை. கடல்தான் என்று நின்றா. கடைசியில் தானே இறங்கிப் போய், ஆடி மாதத்திலும் கால் விறைக்கும் அந்தத் தண்ணீரில் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, "உப்பில்லை" என்று அறிவித்தா. அதோடு வழக்கு முடிந்தது.

இவ்வளவு பெரிய வெறுமைக்குள் வாழும் சனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊர் சின்னதென்றால் சிலையைப் பெரிதாக வைப்பார்கள். வாவா என்றொரு சிற்றூர். 1960 இல் இந்த நெடுஞ்சாலை ஊருக்குள் வராமல் ஓரமாகப் போய்விட்டது. வாகனங்களை ஊருக்குள் இழுக்க என்ன வழி என்று யோசித்து, சந்தியில் 28 அடி உயரத்தில் ஒரு வாத்துச் சிலையை நிறுத்தினார்கள். நாங்களும் இறங்கிப் படம் எடுத்தோம், தேத்தண்ணி குடித்தோம், காசு கொடுத்தோம். அந்த வாத்து இன்றைக்கும் உழைத்துச் சாப்பிடுகிறது.

இதைவிடப் பெரிய கூத்து சஸ்காச்சுவான் மாகாணத்தில். மூஸ் ஜோ என்ற ஊரில் மூஸ் மான் சிலை ஒன்று இருக்கிறது, உலகத்திலேயே உயரமானது என்ற பெருமையோடு. 2015 இல் நோர்வேக்காரர் அதைவிட ஒரு சாண் சொச்சம் உயரமாக வெள்ளி நிறத்தில் ஒன்றைச் செய்து நிறுத்திவிட்டார்கள். விடுவார்களா? 2019 இல் இவர்கள் தங்கள் மூஸுக்குப் பெரிய கொம்பாக மாற்றிப் பூட்டி, பட்டத்தைத் திருப்பி வாங்கினார்கள். எங்கள் ஊரில் இரண்டு கோயில்காரர் கோபுர உயரத்துக்குச் சண்டை பிடித்ததைச் சொல்லிச் சிரிப்பீர்களே, அந்தக் குணம் எங்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தல்ல.

மனிற்றோபா, சஸ்காச்சுவான் இரண்டையும் பற்றி எழுத அதிகமில்லை. றோட்டு நேர், நிலம் மட்டம், கனோலா பூத்து இரண்டு பக்கமும் மஞ்சள். மாமி நித்திரையாகி எழும்பினபோது தூங்கப் போன அதே வயல்தான் நின்றது. இருந்தாலும் அந்த வானத்தை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தூரத்தில் மழை தனியாக, தூண் மாதிரி நின்று பெய்வதைக் கண்ணால் பார்த்தேன்.

ஓரிடத்தில் மட்டும் வாகனத்துக்குள் எல்லோரும் வாய் மூடி இருந்தோம். தண்டர் பே ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் ரெறி ஃபொக்ஸின் சிலை. புற்றுநோயில் ஒரு காலை இழந்த பொடியன். 1980 இல், புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க, கிழக்குக் கரையிலிருந்து பொய்க்காலோடு நாட்டைக் குறுக்காக ஓடத் தொடங்கினான். 143 நாளில் 5,373 கிலோமீற்றர். நோய் நுரையீரலுக்குப் பரவி, தண்டர் பேக்குக் கிட்ட நின்றுவிட்டான். அடுத்த வருசம் இறந்தான், 22 வயதில். மெத்தைச் சீற்றில் இருந்துகொண்டு முதுகு நோகுது என்று சட்பரியிலிருந்து முறைப்பாடு வைத்த என் மூத்தவன், அதற்குப் பிறகு அல்பேட்டா வரும்வரை முதுகைப் பற்றிக் கதைக்கவில்லை.

அல்பேட்டாவில் பான்ஃப் தேசிய பூங்கா. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் வேலி போட்டு, மேலே புல்லும் மரமும் நட்ட பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். மனிசருக்கு இல்லை, கரடிக்கும் மானுக்கும். கரடிகள் அந்தப் பாலத்தை நம்பிக் கால் வைக்கச் சில வருசம் எடுத்தனவாம். புத்தியான சாதி.

அங்கே கூடாரம் அடித்துத் தங்கினோம். கரடி மோப்பம் பிடிக்கும் என்பதால் மணக்கிற சாமான் ஒன்றும் வெளியில் இருக்கக் கூடாது, பற்பசை உட்பட எல்லாவற்றையும் வாகனத்துக்குள் வைத்துப் பூட்டவேண்டும் என்பது சட்டம். பூங்கா உத்தியோகத்தர் ஒரு பிள்ளை வந்து வெகு மரியாதையாக இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, மாமி கருவாட்டுப் பொரியல் போத்தலைத் திறந்தா. பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது. அன்றிரவு கருவாடு வானுக்குள் பூட்டுப் போட்டுப் பத்திரமாக இருந்தது. நாங்கள் ஐந்து பேரும் வெளியில், துணிக் கூடாரத்தில். "கரடி ஆரைத் தின்னக் கூடாது எண்டு இந்தச் சட்டம்?" என்று மாமி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பான்ஃபுக்கு வடக்கே, லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 230 கிலோமீற்றருக்கு ஒரு றோட்டு. 1930களின் பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லாதவர்களைக் கொண்டு போட்டது. இன்றைக்கும் பெற்றோல் அடிக்க நடுவழியில் ஒரே ஓர் இடம், ஃபோனுக்குப் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. மலையிலிருந்து இறங்கும் பனிப்பாறையாறு அரைத்த கல்மா ஏரிகளில் கலந்து, தண்ணீர் நம்ப முடியாத ஒரு நீலம். என் சின்னவள் யாரோ சாயம் ஊற்றிவிட்டார்கள் என்று முறையிட்டாள். அதபாஸ்கா பனிப்பாறைக்குக் கிட்ட, எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று பலகை நட்டிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இதுவரை ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. நான் இந்த நாட்டுக்கு வந்த 1992க்கும் ஒரு பலகை இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தேன். பனி வெகு தூரத்தில் இருந்தது.

கடைசியாக றோஜர்ஸ் பாஸ் என்ற மலைக் கணவாய். நாங்கள் ஓடிவந்த, நாட்டைக் குறுக்கறுக்கும் நெடுஞ்சாலை முழுவதும் கிழக்குக் கரையின் சென் ஜோன்ஸிலிருந்து மேற்கே விக்ரோறியா வரை 7,800 கிலோமீற்றர். 1962 இல் பிரதமர் டீஃபன்பேக்கர் அதைத் திறந்து வைத்தது இங்கேதான். திறந்து வைத்தபோது றோட்டு முடியவில்லை. வேலை முடிய 1971 ஆயிற்று. முடியாத றோட்டுக்கு நாடா வெட்டுவது எங்கள் மந்திரிமாரின் கண்டுபிடிப்பு என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

மாரியில் இந்தக் கணவாயில் பனிச்சரிவு றோட்டையே மூடிவிடும். அதனால் 1961 முதல் கனடிய இராணுவம் மாரிதோறும் இங்கே பீரங்கியோடு வந்து நிற்கிறது. றோட்டை மறித்து வாகனங்களை நிறுத்திவிட்டு, மலைச்சரிவுக்குக் குண்டடித்து, பனியைச் சொன்ன நேரத்தில் விழுத்துகிறார்கள். பிறகு வழித்துத் துப்புரவாக்கி வாகனங்களை விடுகிறார்கள். நான் இதை வாசித்துச் சொல்ல, மாமி கனநேரம் பேசவில்லை. பங்கருக்குள் குந்தியிருந்து செல் எண்ணின மனிசி. பிறகு, "சனம் பத்திரமாப் போறதுக்கோ அடிக்கிறாங்கள்?" என்று கேட்டா. ஓம் என்றேன். "அப்ப அடிக்கட்டும்" என்றா.

வருகிற கோடைக்குக் கிழக்கே போக யோசனை. 1986 ஆவணியில் எங்கள் ஆட்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தபோது, மீன்பிடிக்கப் போன கஸ் டோல்ற்றன் என்ற கப்டன் தன் வள்ளத்தில் ஏற்றினாரே, அந்த நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு. நீங்களும் விசாவுக்குப் போட்டுப் பாருங்கோ. வந்தால் முன்சீற்று உங்களுக்குத்தான். பிரேக்கை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் காலால் தரையை மிதிக்க வேண்டாம்.

அதற்கு முன்னம் இந்தப் பக்கம் யாராவது வந்தால், சின்னம்மாவிடம் சொல்லி பருத்தித்துறை வடை இரண்டு கிலோவாக அனுப்பிவிடுங்கோ. போனதரம் அனுப்பின ஒரு கிலோ, ஒன்ராறியோவைத் தாண்டவே காணவில்லை.

இப்படிக்கு,
அன்புள்ள பெறாமகன்