‘எங்க ரத்தம்’ என்னும் உரிமைக்கோரல்: தொட்டிலடி ஆய்வு

பிள்ளை பிறந்த வீட்டில் மூக்கு, காது, நெற்றி முதலான அசையாச் சொத்துகள் முதல் வாரத்திலேயே பாகம் பிரிக்கப்பட்டுவிடுகின்றன. அப்பத்தா மூக்கை எடுத்துக்கொள்வார். அம்மாச்சி காதோடு ஒதுங்கிவிடுவார். ரத்தத்தை மட்டும் அத்தை யாருக்கும் விட்டுத்தருவதில்லை. “அப்படியே எங்க ரத்தம்” என்னும் அவரது கூற்றின் மெய்ம்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் முன்னாய்வுகள் குறைவு. அறிஞர்களுக்கும் அத்தைகள் உண்டு.

வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் தம் ரத்தத்தையும் ஆய்வகத் தோழர்களின் ரத்தத்தையும் கலந்து பார்த்து, 1901-இல் அவற்றை வகை பிரித்தார். அந்த வகை எப்படிப் பிள்ளைக்கு இறங்குகிறது என்பதை 1924-இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் மருத்துவரல்லர். பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் என்ற கணிதப் பேராசிரியர். மரபணு ஏ, பி, ஓ என மூன்று வகை. அப்பா ஒன்று தருவார், அம்மா ஒன்று தருவார். ஏ-யும் பி-யும் சேர்ந்தால் இரண்டுமே பேசும், பிள்ளை ஏபி. ஓ வாய் திறக்காது. இரு பக்கமிருந்தும் ஓ வந்தால்தான் அது வெளியே தெரியும்.

ஆக, அத்தையின் பங்கு சட்டப்படி பாதிக்கு மேல் போகாது. அப்பா ஏபி, அம்மா ஓ என்றால் நிலைமை இன்னும் மோசம்: பிள்ளை ஏ அல்லது பி. இரு தரப்பு மனுவும் தள்ளுபடி.

பாகம் கேட்கப்படும் சொத்துதான் என்ன? சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரை மூலக்கூறு. ஏ-க்கு ஒரு வகை, பி-க்கு இன்னொரு வகை, ஓ-வுக்கு அதுவும் இல்லை. (அத்தையின் சர்க்கரை நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை, விசாரித்தாயிற்று.)

ரத்த வகையின் பின்னால் வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்னும் ஆர்எச் விஷயத்தில் கணக்கு வாத்தியார்கள் தலையிடாதிருப்பது நல்லது. இங்கே இரண்டு நெகட்டிவ் சேர்ந்தால் நெகட்டிவ்தான். இரண்டு பாசிட்டிவ் சேர்ந்து நெகட்டிவ் பிள்ளை பெறலாம்.

ஓ-வுக்கும் ஓ-வுக்கும் ஏ பிறந்தால்? குடும்பத்தில் குழப்பம் கிளப்புமுன் பம்பாய் வகையை நினைக்க வேண்டும். 1952-இல் பெண்டே குழுவினர் பம்பாயில் கண்டறிந்தது அது. சர்க்கரை ஒட்டுவதற்கான அடித்தளமே இல்லாததால், உள்ளே ஏ இருந்தும் சோதனையில் ஓ என்றே காட்டும்.

எதிர்த்தரப்புச் சான்றையும் மறைக்கலாகாது. ஜோன் பாரி என்ற பெண்ணின் மகளுக்கு நடிகர் சார்லி சாப்ளின்தான் தந்தையா என்று லாஸ் ஏஞ்சல்ஸில் வழக்கு நடந்தது. சாப்ளின் ஓ, தாய் ஏ, பிள்ளை பி. சாப்ளின் தந்தையாக இருக்கவே முடியாது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். தாய்த் தரப்போ முகஜாடை பார்க்கச் சொல்லிப் பிள்ளையை ஜூரிகளுக்குக் காட்டியது. 1945-இல் ஜூரிகள் அவர்தான் தந்தை என்றார்கள். பிள்ளைக்கு 21 வயதாகும்வரை சாப்ளின் பணம் கட்டினார்.

இத்தீர்ப்பை அத்தையிடம் சொல்லாமலிருப்பது ஆய்வு நெறிக்கு முரண்தான். இருந்தும் சொல்லவில்லை.