மூழ்கிச் செத்த கற்றாழை

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு செடி காய்ந்து செத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தண்ணீரில் மூழ்கிச் செத்தால் தெருவே வேடிக்கை பார்க்க வரும். அப்படி ஒரு செடியைக் கொன்றவன் நான். அதுவும் சோற்றுக் கற்றாழையை.

முதல் குற்றம், அதைக் காசு கொடுத்து வாங்கியது. தொட்டியோடு நூற்றிருபது ரூபாய். ஊரிலிருந்து வந்த அம்மா தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“ஏன்டா, நம்ம காட்டு வேலியில ஆடுகூட வாய் வெக்காம கெடக்குதே, அதுக்கா பணம் குடுத்த?”

“இது வீட்டுக்குள்ள வளக்கறதும்மா.”

“அப்ப பாயும் தலகாணியும் வாங்கிட்டியா?”

அவை இரண்டைத் தவிர எல்லாம் செய்தேன். டி.வி. பக்கத்தில், ஃபேன் காற்று படும்படி வைத்தேன். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம். குடித்தால் பல் பழுப்பேறும். அதற்காகத்தான் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கற்றாழை மடலுக்கோ இரண்டு ஓரமும் பல்! கறை படியக் கூடாதே என்று, குடத்தில் பிடித்து வைத்த ஒகேனக்கல் தண்ணீரையே காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு ஊற்றினேன். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டிலும் தண்ணீர் தளும்பியது.

மூன்றாம் வாரம் மடல்கள் வெளுத்து, அழுகிய வாழைப்பழம் போல் கொழகொழத்தன. வாடுகிறதே என்று கூடுதலாக ஒரு சொம்பு ஊற்றினேன். மறுநாள் தூக்கிப் பார்த்தால் செடி கையோடு வந்தது, வேர் வரவில்லை. நாற்றம் மட்டும் வந்தது.

துக்கம் ஆற டீக்கடைக்குப் போனேன். கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டிய கற்றாழை, படிகாரத்துக்குப் பக்கத்தில் தலைகீழாகத் தொங்கியது. மண் கிடையாது, வேர் வானத்தைப் பார்க்கிறது. ஆனாலும் நுனிகள் வளைந்து மேலே நிமிர்ந்து பச்சையாக இருந்தன.

“இத எப்பண்ணா கட்டினீங்க?”

“போன ஆயுத பூசைக்கு.”

“தண்ணி?”

அவர் பாய்லரிலிருந்து தலையைத் திருப்பினார். “தலகீழா தொங்கறதுக்கு எங்க சார் ஊத்தறது?”

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட நிலத்தில் பிறந்த செடி அது. வெயில் நேரத்தில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து, கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேர்த்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் சமைக்கும். ஓசூர் கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போய்வரும் எங்கள் ஊர்ப் பையன் மாதிரி. பகலில் தூங்குகிறவன் முகத்தில் தினமும் சொம்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன்.

அடுத்த முறை அம்மாவே வேலியிலிருந்து ஒரு குட்டியைப் பிடுங்கி வந்தார். வெட்டுக்காயம் உலர இரண்டு நாள் நிழலில் போட்டேன். அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி, பாதி செம்மண், பாதி மணல், கிழக்குப் பார்த்த ஜன்னல். இரண்டு கணு ஆழம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். செடி கொழுத்தது.

கொழுத்ததும் எனக்குச் சாறு ஆசை வந்தது. மடலை வெட்டியதும் வழிகிற மஞ்சள் பாலை வடியவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றைப் பலமுறை கழுவ வேண்டும். அந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கினால்தான் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கரியபோளம். பேதிக்குப் பேர்போன சரக்கு. அமெரிக்காவில் சீட்டில்லாமல் விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழையைச் சேர்க்கக் கூடாதென்று 2002-லேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தப் பாலின் குணம் தெரிய வந்தது, கழுவாத சாற்றைக் குடித்துவிட்டுப் பென்னாகரம் பஸ்ஸில் நடு சீட்டில் உட்கார்ந்திருந்தபோது. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்தான் எங்கள் தர்மபுரி. நல்லவேளை, கற்றாழைச் சாறு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஔவை நின்று பாடியிருக்க மாட்டார்.

இப்போது தொட்டியைச் சுற்றி ஏழு குட்டிகள். இனாமாகத் தருகிறேன் என்றாலும் வாங்க ஆளில்லை. “எங்க வேலியிலயே கெடக்குதுங்க” என்கிறார்கள்.

நீங்களும் வீட்டுக்குள் கற்றாழை வளர்க்கிறீர்களா? தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால், வேண்டாம். சொம்பைக் கையில் எடுத்துவிட்டீர்களா? நீங்களே குடித்துவிடுங்கள்.