88 கட்டை, ஆயிரம் கஷ்டம்

பியானோ இசையில் ஆகக் கடினமானது எது?

வாசிப்பவரைக் கேட்டால், நாளைக்கு மேடையில் வாசிக்க வேண்டியது என்பார். பட்டியல் போடுகிறவர் பலகிரெவின் ‘இஸ்லாமெய்’ (1869) என்பார். அதை மிஞ்ச வேண்டும் என்றே ராவெல் 1908-இல் ‘ஸ்கார்போ’ எழுதினார். முதலிடத்துக்கு அடிதடியை ஆரம்பித்தவர்களே இசையமைப்பாளர்கள்தான். ரசிகர்களை மட்டும் திட்டுவானேன்?

கடினமானதுதானே உயர்ந்தது?

இசையமைப்பாளர் லிஸ்ட் தம் பன்னிரண்டு பெரிய எட்யூட்களை (பயிற்சிப் படைப்புகளை) 1852-இல் சிரமம் குறைத்துத் திருத்தினார். இன்று பெரும்பாலோர் வாசிப்பது அந்தத் தள்ளுபடிப் பதிப்பைத்தான்.

விடாமல் சாதகம் செய்தால் கை பழகிவிடாதா?

ஸ்க்ரியாபின் இளம் வயதில் ‘இஸ்லாமெய்’யையும் லிஸ்டின் ‘டான் யுவான்’ படைப்பையும் விழுந்து விழுந்து சாதகம் செய்தார். வலது கை பழகவில்லை, பழுதானது! ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. 1894-இல் இடது கை மட்டுமே வாசிக்கும்படி ஒரு பிரெலூடும் ஒரு நாக்டர்னும் எழுதினார். கேட்கிறவருக்கு இரண்டு கை வாசிப்பது போலத்தான் இருக்கும்.

மொசார்ட் சொனாட்டாவை என் பத்து வயது மகளே வாசிக்கிறாள். அதற்கு எத்தனையாவது இடம்?

குழந்தைக்கு எளிது, கலைஞனுக்குக் கடினம் என்ற கருத்தைச் சொன்னவர் பியானோ மேதை ஷ்னாபெல். மகள் வளரட்டும், இடமும் ஏறும்.

ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் வாசிக்க முடியுமா?

முடியும். ஜான் கேஜ் 1952-இல் எழுதியது: 4 நிமிடம் 33 விநாடி. வீட்டில் முயன்று பாருங்கள், செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு.