நெடுவழி வண்டி இலக்கணம்

வடக்கே திம்பம், தெற்கே வால்பாறை, மேற்கே வாளையார், கிழக்கே கொல்லிமலை அடிவாரம். இந்நான்கு எல்லைக்கு உட்பட்ட கொங்கு நிலத்தில் ஓடும் கார்களுள் தொலைதூரப் பயணத்துக்கு ஆவது எது, ஆகாதது எது என வகுத்துரைப்பது இந்நூல். ஆக்கியோன் பெயர் சொல்லப்படவில்லை. அவர் அடுத்த மாதமும் சொந்தபந்தத்தோடு ஊட்டி போயாக வேண்டியவர்.

நுதலிய பொருள் யாதோ எனின், கடைசி சீட்டு. முன்னோர் மைலேஜைப் பேசினர், குதிரைத்திறனைப் பேசினர், தொடுதிரையின் அகலத்தைக்கூடப் பேசினர். காரை வாங்குகிறவர் முன்னால் நின்று பார்த்து வாங்குகிறார். அதில் பின்னால் உட்கார்ந்து போகிறவர் வேறொருவர். அந்த வேறொருவருக்கு இதுவரை இலக்கணம் எழவில்லை. ஆகவே இந்நூல்.

காரை ஐந்திணையாகப் பகுக்கலாம் என்று ஒரு சாரார் கூறுவர். ஊட்டிக்குப் போவது குறிஞ்சி வண்டி, சத்தியமங்கலம் காட்டு வழியில் மைசூர் போவது முல்லை வண்டி, ஆனைமலை வயல் வழியே குருவாயூர் போவது மருத வண்டி, கொச்சிக்குப் போவது நெய்தல் வண்டி, சேலம் வழியாகச் சுங்கச்சாவடி தோறும் நின்று சென்னை போவது பாலை வண்டி என்பது அவர் கருத்து. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோவைக்காரருக்கு இது உதவாது. காலை ஆறுக்குப் புறப்பட்டால் பத்து மணிக்குள் வயல், காடு, மலை மூன்றும் ஒரே பயணத்தில் வந்துவிடுகின்றன. திணைக்கு ஒரு கார் என்று நிறுத்த மில் முதலாளி வீட்டுப் போர்ட்டிகோதான் தாங்கும்.

இனி மரபு. கொங்கு நாட்டின் முதல் நெடுவழி வண்டி கார் அன்று, பஸ். கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, 1920இல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். தேர்ந்த வழித்தடத்தைக் கவனிக்க. சந்தைக்குப் போகிறவரும் சாமி கும்பிடப் போகிறவரும் ஒரே வண்டியில் ஏறினர், மூட்டையும் ஏறியது. இன்றளவும் இவ்வட்டாரத்தார் கார் வாங்கும்போது மனத்தில் வைத்திருப்பது அந்தப் பஸ்தான். வாசலில் நிறுத்த இடமில்லாமையால் காராகச் சுருக்கிக்கொள்கிறார்கள்.

சுருங்கிய முதல் வடிவம் அம்பாசிடர். 1957 முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் பிறந்த இவ்வண்டியின் சிறப்பு, பழைய மாடல்களில் கியர் தரையில் இல்லாமல் ஸ்டீயரிங்கோடு ஒட்டியிருந்தது. முன்சீட்டு ஒரே பெஞ்சு. எனவே டிரைவரோடு மூவர் முன்னால், நால்வர் பின்னால், நால்வர் மடியில் நால்வர் என்று கணக்கு விரியும். ஊட்டிப் பாதையில் கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்ததும் ரேடியேட்டர் கொதிக்கும். அதற்குக் காரணம் உண்டு: சுமை மிகுந்த வண்டி சின்ன கியரில் மெதுவாக ஏறும்போது இன்ஜின் வெகுவாக உழைக்கிறது, எதிர்க்காற்றோ போதுமான வேகத்தில் வருவதில்லை. இதை இளையோர் குறை என்பர். மூத்தோர் குறையாகக் கொள்ளவில்லை. வண்டி ஆறுவதற்குள் மரத்தடியில் புளிசாதப் பொட்டலம் பிரிந்துவிடும், வயிற்றைப் பிரட்டிய பிள்ளைகளும் தெளிந்துவிடும். இன்று நிற்காமல் ஏறும் வண்டியில் அந்தத் தெளிவுக்கு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1984இல் வந்த ஆம்னி வேனைப் பற்றி ஒரு வரி போதும். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருந்ததால், குளிருக்கு ஊட்டி போகிறவர் அங்கே சேரும்வரை சூட்டிலேயே இருந்தார்.

1994இல் சுமோ. கடைசியில் சீட்டு எதிரெதிராகப் பக்கவாட்டில். அதில் உட்கார்ந்தவர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு, பேசாத பங்காளியின் முகத்தை மைசூர் வரை பார்த்துக்கொண்டே போனார். சில குடும்பங்களில் பாகப்பிரிவினை வழக்கு இந்த சீட்டில்தான் தீர்ந்தது. சிலவற்றில் இதில்தான் தொடங்கியது. 2000இல் குவாலிஸ், 2005இல் இன்னோவா. இன்னோவா வந்தபின் கொங்கு நாட்டில் மற்ற வண்டிகளெல்லாம் ‘இன்னோவா இல்லாத வண்டி’ என்ற ஒரே வகையில் அடங்கின. கல்யாணப் பேச்சில் “மாப்ள வீட்ல வண்டி என்னங்க?” என்ற கேள்விக்கு அந்த ஒரு சொல் போதும், மாடலும் வருஷமும் அடுத்த கேள்வியில் வரும்.

இனிச் சுமையியல். இதற்கு ஒரு நூற்பா:

ஆர்சி புத்தகம் ஏழெனச் சொல்லினும்
ஏறும் ஆட்கள் எண்ணில் அடங்கார்.

இதன் பொருள்: வண்டிக்கு அரசு விதித்த ஆள்கணக்கு வேறு, புறப்படும் காலையில் வாசலில் நிற்கும் ஆள்கணக்கு வேறு என்பது. என்னை? முதல்நாள் பொழுதோடு ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்து இறங்கியிருக்கும். “ஏனுங் மாப்ள, வண்டில எடமிருக்குங்களா?” என்று கேட்டால் “வாங்க மாமா, தாராளமா வாங்க” என்பதே விடை, இடம் இல்லை என்று சொல்லும் வழக்கு இந்நிலத்தில் இல்லை. அற்றேல், எட்டுப் பேர் வண்டி வாங்கினால் தீருமே எனின், தீராது. எட்டு என்று தெரிந்ததும் ஒன்பதாமவர் சட்டை மாற்றிக்கொண்டு வருவார்.

ஆளைவிட மூட்டை கொடியது. அதனால் பயணத்தின் நோக்கம் பார்த்தே டிக்கியைப் பார்க்க வேண்டும். குலதெய்வக் கோயிலுக்குக் காங்கேயம், வெள்ளகோயில் பக்கம் போகிறவர்க்குப் பொங்கல் பானை, விறகு, அரிசி, பூ, மாலை, சில வீடுகளில் உயிரோடு ஒரு கெடாய். கெடாயை முன்னமே டெம்போவில் அனுப்புவது நன்று. சீர் கொண்டுபோகும் வண்டியில் தட்டம் சாயக்கூடாது. ஆகையால் தட்டம் மடியில், மடிக்குரியவர் நெருக்கத்தில். எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்த்தியிருக்கும்போது பின்னால் மிஞ்சும் இடம் 209 லிட்டர். ஏட்டுக் கணக்கில் இது ஐந்து பால் கேன். டிக்கி வளைந்திருப்பதால் மெய்க்கணக்கில் இரண்டு கேனும் ஒரு மனத்தாங்கலும். மூன்றாம் வரிசையில் ஆள் இருந்தால் மூட்டைக்கு இடமில்லை, மூட்டை இருந்தால் ஆளுக்கு இடமில்லை என்பது ஏழு சீட்டு வண்டிகள் பலவற்றுக்கும் பொதுவிதி. விளம்பரம் இரண்டையும் சேர்த்தே காட்டும். கேரியர் பூட்டித் தார்ப்பாய் கட்டிய தலைமுறையை இக்காலத்தார் சிரித்தாலும், இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி இருக்கையியல். நூலின் நடு இதுவே.

முன்னிருக்கை முறைக்கே நடுவண் மூப்பிற்கே
பின்னிருக்கை பேசா தவர்க்கே.

முன்சீட்டு முறைமைக்கு உரியது: தாய்மாமனுக்கு அல்லது வீட்டு மாப்பிள்ளைக்கு. இருவரும் ஒரே பயணத்தில் வந்தால் வண்டி கிளம்ப அரைமணி தாமதம். நடுவரிசை ஜன்னலோரம் அம்முச்சிக்கு. கால் நீட்ட வேண்டும், காற்று வேண்டும், ஏசியும் வேண்டாம். இன்னொரு ஜன்னல் கைக்குழந்தைக்காரிக்கு. இவ்விருவர்க்கும் இடையில், ஹெட்ரெஸ்ட்கூட இல்லாத நடுச்சீட்டில், சோற்றுப் பையும் தண்ணீர்க் கேனும் காலிடையே வைத்துக்கொண்டு வீட்டு அம்மா. வண்டியின் கடனுக்கு நகையை அடகு வைத்தவர் பெரும்பாலும் இவரே என்பது உரையாசிரியர் குறிப்பு. கடைசி வரிசையில் காலேஜ் பையன், கல்யாணம் ஆகாத கொழுந்தன், சமையலுக்கு உதவ வந்த தூரத்து அக்கா. இம்மூவரையும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் “நல்லாத்தானுங்க இருக்குது” என்பார்கள்.

நன்றாக இராமைக்குக் காரணம் எந்திரவியலில் உண்டு. கடைசி சீட்டு பின்சக்கர அச்சுக்கு மேலேயோ, சற்றுப் பின்னாலேயோ அமைகிறது. வண்டியின் நடுவில் இருப்பவர் உணரும் குலுக்கலைவிட அங்கே மேல்கீழ் ஆட்டம் மிகும்; கொண்டை ஊசி வளைவில் வால் சுழலும்போது அவரும் உடன் சுழல்வார். ஜன்னல் சிறிது, சில வண்டிகளில் திறக்கவே திறக்காது, முன்னால் இருப்பது தலைகள். சாலை கண்ணில் படாமல் உடல் மட்டும் வளைந்தால், காது ஒன்று சொல்லக் கண் வேறொன்று சொல்லும். வயிறு இடையில் அகப்பட்டு விடை சொல்லும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். திம்பத்தில் 27. கொல்லிமலையில் 70. முன்சீட்டு மாமன் இவ்வளைவுகளை எண்ணிச் சொல்லி மகிழ்வார். பின்சீட்டுப் பையன் எண்ணுவது பாலித்தீன் கவர்களை.

இவ்விடத்தில் பட்டை ஸ்பிரிங் வண்டிக்கும் சுருள் ஸ்பிரிங் வண்டிக்கும் வேறுபாடு கொள்க. பின்னால் பட்டை போட்ட பொலேரோ வகை, சுமை தாங்கும்; ஆள் குறைந்தால் குதிக்கும். இன்னோவா பின்னாலும் சுருள் ஸ்பிரிங் கொண்டது. பெற்ற புகழில் பாதி அதனால். 2022இல் வந்த இன்னோவா ஹைக்ராஸ் பழைய ஏணிச் சட்டத்தை விட்டுவிட்டு முன்சக்கர இழுவைக்கு மாறியது. அது வண்டியே அன்று என்று பொள்ளாச்சிப் பள்ளியார் இன்றும் சாதிப்பர். தோப்புக்குள் போய்த் தேங்காய் ஏற்றாத எதையும் அவர்கள் வண்டியென ஏற்பதில்லை. பல்லடப் பள்ளியார் “வித்தா என்ன வெலெ போகும்?” என்ற ஒரே அளவுகோலால் எல்லாவற்றையும் அளப்பர், சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை ஐந்து வருஷம் கிழிக்காதவர் அவர்கள். திருப்பூர்ப் பள்ளியார்க்கு சன்ரூஃப் வேண்டும். ஓடும் வண்டியில் அதன் வழியே குழந்தையை நிற்கவைக்கும் வழக்கத்தை மட்டும் இந்நூல் வேடிக்கையாகக் கொள்ளாது: திடீர் பிரேக்கில் அக்குழந்தையைப் பிடிக்க எதுவும் இல்லை.

டிரைவர்க்கு ஒரே விதி. ஏறிய கியரிலேயே இறங்குக. பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறி, வாடை வந்து, பிறகு பிடிக்காமலே போகும்.

மின்சார வண்டி பற்றிக் கேட்போர் உளர். ஏற்றத்தில் சார்ஜ் குறையும், இறக்கத்தில் ஒரு பங்கு திரும்பும். சத்தமில்லை, ரேடியேட்டர் கதையும் இல்லை. ஆனால் சார்ஜ் ஏற நிற்கும் நேரத்தை வீட்டார் வீணென்பர். அம்பாசிடர் தந்த புளிசாத நேரம் வேறு உருவில் திரும்பியிருக்கிறது என்பதை அவர்கள் இன்னும் காணவில்லை. எந்த வண்டியானாலும் நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும், அம்மாவட்டப் பதிவான டி.என். 43 வண்டிக்கு விலக்கு. இப்போது டி.என். 43 எண்ணுள்ள மச்சான் ஒருவர் இருத்தலும் நெடுவழி வண்டியின் இலக்கணத்துள் சேரும்.

இனி ஒழிபு. முழு இலக்கணத்துக்கும் அடங்காத இரண்டு வண்டிகள் இந்நிலத்தில் உண்டு. ஒன்று, செட்டிப்பாளையத்தில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் ஓரிருக்கை வண்டி. நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் போட்டியில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவர் கோவைக்காரர். ஒறம்பரை ஏற முடியாத ஒரே வாகனம் என்ற வகையில் அந்த ஓரிருக்கை வண்டி உயர்ந்தது, டிக்கி இல்லை. மற்றொன்று திருச்செங்கோட்டு ரிக் லாரி. போர்வெல் போட இந்தியா முழுக்கப் போய், மாதக்கணக்கில் அங்கேயே சமைத்து, அங்கேயே தூங்கி வருகிற அவ்வண்டிக்காரர்தான் கொங்கு நாட்டின் மெய்யான நெடுவழிப் பயணி. எந்தக் கார் சொகுசு என்று அவரிடம் போய்க் கேட்காதீர்கள்.

எனில் எந்தக் கார்தான் சிறந்தது? ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே பத்துப் பேர் போகிற வீட்டுக்குச் சிறிய சொந்தக் காரும், அந்த இரண்டு நாளைக்கு மஞ்சள் போர்டு இன்னோவாவும் போதும். கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா தனி என்று கொடுத்தாலும், மிச்சமுள்ள நாளெல்லாம் வாசலில் வெயில் காயும் மூன்றாம் வரிசைக்குக் கட்டும் தவணையைவிட அது குறைவு. மாதாமாதம் மலையேறும் வீட்டார்க்கு, பெரியவர் ஒருவர் முழங்கால் இடிக்காமல் உட்காரும் கடைசி சீட்டு உள்ளதே கார்.

அதை ஷோரூமில் அறிய முடியாது. அவிநாசி ரோட்டில் டெஸ்ட் டிரைவ் கொடுப்பார்கள். 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் ஏற்றிக் காட்டுவார்கள். நேர்ச் சாலையில் எல்லா வண்டியும் நல்ல வண்டி. ஆகவே முன்பணம் கட்டுமுன் அதே மாடலை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். சாப்பிட்ட கையோடு ஆழியாறிலிருந்து அட்டகட்டி வரை போங்கள். முன்சீட்டில் அந்தக் காலேஜ் பையன் இருக்கட்டும். செக்கில் கையெழுத்துப் போடப் போகிறவர் கடைசி சீட்டில் ஏறுக.